செத்த மாடு ஓர் ஊடகமாக: ஊனா எழுச்சியும் வெப்ப–குளிர் ஊடகக் கோட்பாடும்

2016 ஜூலை 11 அன்று, குஜராத் மாநிலம் கிர் சோம்நாத் மாவட்டம் ஊனா வட்டத்திலுள்ள மோட்டா சமாதியாலா கிராமத்தில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த ஒரு தலித் குடும்பத்தினரைப் பசுக் காவலர்கள் என்று தம்மை அழைத்துக்கொண்ட கும்பல் தாக்கியது. அவர்களுள் நான்கு இளைஞர்கள் ஊனா நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இடுப்புக்கு மேல் ஆடை களையப்பட்டு, காரில் கட்டப்பட்டு, பலர் பார்க்கத் தடிகளாலும் கம்பிகளாலும் அடிக்கப்பட்டனர். இதைக் கைப்பேசியில் படம்பிடித்தவர்கள் அடித்தவர்களே. சமூக வலைத்தளங்களில் பரப்பியவர்களும் அவர்களே.

சாதி ஆதிக்கத்தின் நீண்ட வழக்கப்படி, அந்தக் காணொளி ஓர் எச்சரிக்கை. பார்ப்பவர் அஞ்சி ஒடுங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நடந்ததோ வேறு. ஒரு வாரத்திற்குள் குஜராத்தின் பல நகரங்களில் தலித் மக்கள் தெருவில் இறங்கினர். ஆகஸ்ட் 15 அன்று ஊனாவிலேயே ஆயிரக்கணக்கானோர் கூடி விடுதலை நாளைத் தம் கோரிக்கைகளுடன் கடைப்பிடித்தனர். அச்சுறுத்துவதற்காக எடுக்கப்பட்ட படம் எழுச்சியின் தொடக்கமாக மாறியது எவ்வாறு? இக்கேள்விக்கு விடை தேட, ஊடகவியல் மாணவர்கள் பாடநூலில் படித்துவிட்டுக் கடந்துபோகும் ஒரு கோட்பாட்டை இங்கே எடுத்துக்கொள்கிறோம். மார்ஷல் மெக்லுகனின் வெப்ப ஊடகம், குளிர் ஊடகம் என்னும் பகுப்பே அது. அதன் பயனையும் போதாமையையும் ஒருசேரக் காண ஊனா நல்லதோர் களம்.

கோட்பாட்டின் சுருக்கம்

கனடா நாட்டுப் பேராசிரியரான மெக்லுகன், 1964இல் வெளிவந்த ‘அண்டர்ஸ்டாண்டிங் மீடியா’ என்னும் நூலில் இந்தப் பகுப்பை முன்வைத்தார். ஊடகம் எதைச் சொல்கிறது என்பதைவிட, அந்த ஊடகத்தின் வடிவம் மனிதர்களின் உறவுகளையும் புலனுணர்வையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதே முதன்மையானது என்பது அவருடைய அடிப்படை வாதம். வெப்ப–குளிர் பகுப்பு அதன் ஒரு கிளை.

ஒரே புலனை, நிறைந்த தகவலோடு, நுண்மையாக நிரப்புவது வெப்ப ஊடகம். அதில் பெறுபவர் இட்டு நிரப்ப அதிகம் ஏதுமில்லை. அச்சு, வானொலி, புகைப்படம், திரைப்படம், மேடைச் சொற்பொழிவு ஆகியவற்றை அவர் இவ்வகையில் சேர்த்தார். குறைந்த தகவலைத் தந்து, மீதியைப் பெறுபவரே நிரப்பிக்கொள்ள விடுவது குளிர் ஊடகம். தொலைபேசி, கேலிச்சித்திரம், நேர்ப்பேச்சு, கலந்துரையாடல், அன்றைய மங்கலான தொலைக்காட்சி ஆகியவை இவ்வகையின. சுருங்கச் சொன்னால், வெப்பம் கூடக்கூடப் பங்கேற்பு குறையும். வெப்பம் குறையக்குறையப் பங்கேற்பு கூடும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தொடக்கத்திலேயே நீக்கிவிட வேண்டும். ‘சூடான செய்தி’, ‘சூடான விவாதம்’ என்று நாம் அன்றாடம் சொல்வதற்கும் இந்தச் சொற்களுக்கும் தொடர்பில்லை. இங்கே வெப்பம் என்பது சினத்தையோ குளிர்ச்சி என்பது அமைதியையோ குறிப்பதன்று. ஜாஸ் இசை பற்றிய பேச்சிலும் அமெரிக்கப் பேச்சுவழக்கிலும் புழங்கிய சொற்களை அவர் தமக்கேற்ற பொருளில் கையாண்டார். தகவலால் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதே அளவுகோல். கடும் கொந்தளிப்பை உண்டாக்கும் ஓர் ஊடகம் இந்தப் பொருளில் குளிர் ஊடகமாக இருக்கலாம். ஊனா காணொளி அத்தகையது.

காணொளி: காலியிடத்தை யார் நிரப்பினர்?

கைப்பேசியில் எடுக்கப்பட்ட அந்தப் படம் நடுங்கியது, தெளிவற்றது. அதில் வருணனை இல்லை, பின்னணிக் குரல் இல்லை. அடிபடுவோர் யார், எந்த ஊரினர், முன்னர் என்ன நடந்தது, பின்னர் என்ன ஆனது என எதுவும் படத்தில் இல்லை. கையகலத் திரையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு வாட்ஸ்அப் வழியே அது சென்றது. அனுப்பியவர் எழுதிய இரண்டு வரியோடு சேர்த்தே பெறுபவர் அதைப் பார்த்தார். படம் சொல்லாமல் விட்ட அனைத்தையும் பார்ப்பவரே நிரப்ப வேண்டியிருந்தது.

அந்தக் காலியிடத்தை முதலில் நிரப்பியது பொய்தான். பசுவைக் கொன்றார்கள் என்பதே அடித்தவர்கள் சொன்ன கதை. அந்த மாடு சிங்கத்தால் கொல்லப்பட்டது என்பதைப் பின்னர் காவல்துறையின் விசாரணை கண்டறிந்தது. ஆனால் விசாரணை முடியும் வரை காணொளி காத்திருக்கவில்லை. ஆதிக்க சாதி மனத்தோடு பார்த்தவர்களுக்கு அது ‘தண்டனை’யாகத் தெரிந்தது. அதே படம் தலித் குடியிருப்புகளுக்குள் வந்தபோது வேறொன்று நிகழ்ந்தது. அங்கே பார்த்தவர் ஒவ்வொருவரும் காலியிடத்தைத் தம் வாழ்விலிருந்தே நிரப்பினர். செத்த மாட்டை இழுத்தவர், தோலுரித்தவரின் பிள்ளை, நகரில் சாதியை மறைத்து வாடகை வீட்டில் குடியிருப்பவர் ஆகிய ஒவ்வொருவருக்கும் அந்த முதுகு தம் முதுகாக, தம் தந்தையின் முதுகாகத் தெரிந்தது. ஆதிக்கம் ஒற்றைப் பொருளோடு அனுப்பிய செய்தி, பெறுபவரின் கையில் இரண்டாவது பொருளைப் பெற்றது. காலியிடம் இருந்ததால்தான் இது இயன்றது.

இந்தப் பங்கேற்பைப் புகழ்ந்துவிட்டு நகர்வது நேர்மையாகாது. அந்த நாட்களில் குஜராத்தின் பல இடங்களில் தலித் இளைஞர்கள் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றனர். குளிர் ஊடகத்தில் பார்ப்பவர் தம்மையே கொடுத்துப் பொருளை நிறைவுசெய்கிறார் என்று கோட்பாடு சொல்கிறது. வன்கொடுமையின் படத்தைப் பொறுத்தவரை, அந்தக் கொடுப்பினையின் விலையை ஒடுக்கப்பட்டவரே செலுத்துகிறார். இயக்கங்கள் மறக்கக் கூடாத உண்மை இது.

படக்கருவி யார் கையில் இருந்தது என்பதும் இங்கே எழும் வினா. 1955இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் 14 வயதுச் சிறுவன் எம்மெட் டில் வெள்ளை நிறவெறியர்களால் கொல்லப்பட்டபோது, அவனுடைய தாய் சிகாகோவில் சவப்பெட்டியைத் திறந்துவைக்கச் செய்தார். சிதைந்த முகத்தின் புகைப்படம் ‘ஜெட்’ இதழில் வெளிவந்தது. 2020இல் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கொலையைப் படம்பிடித்தவர், அவ்வழியே வந்த 17 வயதுப் பெண். முதலாவதில் படம் தாயின் முடிவு. இரண்டாவதில் சாட்சியின் முடிவு. ஊனாவில் அது குற்றவாளியின் முடிவு. குற்றவாளி எடுத்த படத்தை மக்கள் கைப்பற்றித் திருப்பினர் என்பதே ஊனாவின் தனித்தன்மை. மெக்லுகனின் பகுப்பில் இந்த வேறுபாட்டுக்கு இடமில்லை.

தொலைக்காட்சி: குளிர் ஊடகம் வெப்பமானபோது

1964இல் மெக்லுகன் குளிர் ஊடகம் என்று வகுத்த தொலைக்காட்சி, குறைந்த கோடுகளால் ஆன மங்கிய கறுப்பு–வெள்ளைத் திரை. இன்றைய செய்தி அலைவரிசை அப்படிப்பட்டதன்று. துல்லியமான படம், ஓடும் எழுத்துப் பட்டை, பல பெட்டிகளில் பல முகங்கள், இடைவிடாத இசை, நெறியாளரின் முழக்கம் என எல்லாம் நிரம்பி வழிகின்றன. அவருடைய அளவுகோலின்படியே பார்த்தால் இது வெப்ப ஊடகம். சாதனத்தின் பெயரை வைத்து வகை பிரிக்கக் கூடாது, அது இன்று இருக்கும் வடிவத்தை வைத்தே பிரிக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்ல இது நல்ல சான்று.

ஊனா காணொளியை அலைவரிசைகள் எடுத்துக்கொண்டபோது அதன் தன்மை மாறியது. அதே சில நொடிகள் திரும்பத் திரும்ப ஓடின. என்ன நினைக்க வேண்டும் என்பதையும் அருகில் அமர்ந்தவர்களே சொன்னார்கள். மிகத் தீவிரமான அனுபவம் தணிக்கப்பட்ட பின்னரே மனத்தால் உள்வாங்கப்படும் என்பது மெக்லுகனின் கருத்து. தணியவிடாமல் திரும்பத் திரும்பக் காட்டினால் உணர்வு மரத்துப்போகிறது. நான்கு இளைஞர்கள் ‘அடிபடும் உடல்கள்’ ஆகச் சுருங்கினர். அவர்கள் கேட்டதும், அவர்கள் தொழிலின் கூலியும், ஊரில் நிலம் யாரிடம் இருக்கிறது என்பதும் திரைக்கு வரவில்லை.

இதற்குத் தொழில்நுட்பம் மட்டும் காரணமன்று. வளரும் சமூகங்கள் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழுவினர் 2006இல் டெல்லியின் தேசிய ஊடகங்களில் முடிவெடுக்கும் நிலையிலிருந்த 315 பேரைப் பற்றி ஆய்வு செய்தபோது, அவர்களுள் ஒருவர்கூடத் தலித்தோ பழங்குடியினரோ இல்லை. அதே 2006இல், செப்டம்பர் 29 அன்று மகாராட்டிரத்தின் கயர்லாஞ்சியில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் படுகொலை செய்யப்பட்டபோது, பெரும் ஊடகங்கள் அதைப் பல வாரங்கள் பொருட்படுத்தவில்லை. உண்மையறியும் அறிக்கைகளும் படங்களும் தலித் அமைப்புகளின் வழியே பரவி, நவம்பரில் போராட்டம் வெடித்த பின்னரே அவை திரும்பிப் பார்த்தன. ஊடகத்தின் வெப்பநிலையைக் கணக்கிடும் முன், ஊடகம் யாருடையது என்று கேட்க வேண்டும் என்பதை இவ்விரு செய்திகளும் உணர்த்துகின்றன.

ஆட்சியர் அலுவலக வாயிலில் செத்த மாடு

ஊனா எழுச்சியின் மிக வலிய ஊடகம் காணொளியன்று. ஜூலை 18 அன்று சுரேந்திரநகரில் தலித் மக்கள் செத்த மாடுகளை வண்டிகளில் ஏற்றிவந்து மாவட்ட ஆட்சியர் அலுவலக வாயிலில் போட்டனர். பசு உங்கள் தாயென்றால் அடக்கத்தையும் நீங்களே செய்துகொள்ளுங்கள் என்பதே அச்செயலின் பொருள். அதைத் தொடர்ந்து, செத்த மாட்டை அகற்றும் வேலையை இனிச் செய்வதில்லை என்ற முடிவு பல ஊர்களில் எடுக்கப்பட்டது.

வெப்ப–குளிர் பகுப்பு உண்மையிலேயே ஒளி தருவது இவ்விடத்தில்தான். அலுவலக வாயிலில் கிடந்த மாடு எதையும் எழுதிக்காட்டவில்லை. கண்ணை மட்டுமன்றி மூக்கையும் அது தொட்டது. அதைப் பார்த்தவர் விலகிப்போக முடியாது. ஏனெனில், ‘இதை யார் எடுப்பது?’ என்ற கேள்விக்கு யாரேனும் விடை சொல்லியாக வேண்டும். மனுவைப் பெற்றுக்கொண்டு கோப்பில் வைத்துவிடலாம். முழக்கத்தைக் கேட்டுவிட்டுச் சன்னலை மூடிக்கொள்ளலாம். அழுகும் உடலை அப்படிச் செய்ய இயலாது. எதிரியைப் பங்கேற்கச் செய்த ஊடகம் அது.

இன்னும் ஆழமாகப் பார்த்தால், உண்மையான ஊடகம் அந்த மாடுகூட அன்று. செய்யாமல் விடப்பட்ட உழைப்பே ஊடகம். சாதி ஒழுங்கு, தனக்குத் தேவையான இழிதொழில்களைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கி வைத்திருக்கிறது. அந்த வேலை நடக்கும் வரை அதைச் செய்பவரை ஊர் பார்ப்பதில்லை. வேலை நின்ற நாளில் ஒரு வெற்றிடம் தோன்றுகிறது. அந்த வெற்றிடத்தைத் தம் கைகளால் நிரப்ப வேண்டிய நிலைக்கு ஊரும் அரசும் தள்ளப்படுகின்றன. குளிர் ஊடகத்துக்கு இதைவிடச் செறிவான எடுத்துக்காட்டு மெக்லுகனின் நூலிலும் இல்லை.

இந்த மறுப்பு 2016இல் பிறந்ததன்று. 1927 மார்ச்சில் மகாடு மாநாட்டில் செத்த மாட்டிறைச்சியைக் கைவிடுமாறு அம்பேத்கர் அறைகூவினார். அதையொட்டி மகர் மக்கள் பல ஊர்களில் செத்த மாட்டை இழுக்க மறுத்தனர். சாதி இந்துக்களின் ஊர்விலக்கையும் தாக்குதலையும் எதிர்கொண்டனர். தமிழ்நாட்டிலும் ஆதிக்க சாதியினரின் சாவுக்குப் பறையடிக்க மறுத்ததற்காகத் தாக்கப்பட்டோர் உண்டு. உழைப்பை நிறுத்துதல் என்பது ஒடுக்கப்பட்டவர்களின் மிகப் பழைய செய்தித்தொடர்பு. அதற்கு அச்சகமும் வேண்டியதில்லை, அலைக்கற்றையும் வேண்டியதில்லை.

நடைப்பயணமும் உறுதிமொழியும்

ஜூலை 31 அன்று அகமதாபாத்தில் தலித் பெருமாநாடு நடைபெற்றது. ஆகஸ்ட் 5 அன்று அங்கிருந்து ‘தலித் அஸ்மிதா யாத்திரை’ புறப்பட்டது. ஜிக்னேஷ் மேவானி முதலானோர் முன்னின்ற ஊனா தலித் வன்கொடுமைப் போராட்டக் குழு அதை நடத்தியது. பத்து நாட்கள் ஊர் ஊராகச் சென்று ஆகஸ்ட் 15 அன்று ஊனாவை அடைந்த அந்தப் பயணத்தின் முடிவில், ரோகித் வெமுலாவின் தாய் ராதிகா வெமுலா தேசியக் கொடியை ஏற்றினார்.

மேடைச் சொற்பொழிவை வெப்ப ஊடகமென்றும் கலந்துரையாடலைக் குளிர் ஊடகமென்றும் மெக்லுகன் பிரித்ததை இங்கே நினைவுகூரலாம். பயணத்தில் சொற்பொழிவுகளும் இருந்தன. ஆனால் அதன் உயிர் வழியோர ஊர்களில் நடந்த சந்திப்பிலும், கூட்டாக எடுத்த உறுதிமொழியிலும் இருந்தது. செத்த மாட்டைத் தூக்கமாட்டோம், மலக்குழியில் இறங்கமாட்டோம் என்று கூட்டம் கையுயர்த்திச் சொன்னபோது, கேட்பவர் என்ற நிலை மறைந்து அனைவரும் பேசுபவர் ஆயினர். உறுதிமொழி சொல்லி முடித்தவுடன் நிறைவடைந்துவிடுவதில்லை. மறுநாள் காலை வேலைக்கு அழைப்பு வரும்போது ‘வரமாட்டேன்’ என்று சொல்வதில்தான் அது நிறைவுபெறும். அத்தகைய பங்கேற்பை எந்தக் காணொளியாலும் உண்டாக்க முடியாது.

“மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தை எங்களுக்குக் கொடுங்கள்” என்ற பயணத்தின் முழக்கமும் கவனிக்கத்தக்கது. தாக்குதலுக்கான கண்டனத்தை அது நிலவுரிமைக் கோரிக்கையாக மாற்றியது. நிலமற்ற தலித் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஏக்கர் என்ற கோரிக்கை அதிலிருந்தே எழுந்தது.

வெப்ப ஊடகம் இன்றி வெற்றி இல்லை

குளிர் ஊடகமே மக்களுடையது, வெப்ப ஊடகம் ஆதிக்கத்துடையது என்ற எளிய முடிவுக்கு நாம் வந்துவிடக் கூடாது. அம்பேத்கர் 1920இல் ‘மூக்நாயக்’, 1927இல் ‘பகிஷ்கிருத் பாரத்’ ஆகிய இதழ்களைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். அச்சு என்னும் வெப்ப ஊடகம் எழுத்து மறுக்கப்பட்டவர்களின் கைக்கு வந்ததே ஒரு புரட்சி.

நீதிமன்றம் கேட்பதும் வெப்ப ஊடகத்தையே. 2015இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், ஆடையைக் களைந்து இழிவுபடுத்துவதையும் விலங்குகளின் சடலங்களை அகற்றச் செய்வதையும் குற்றமாக வரையறுக்கிறது. அக்குற்றத்தை மெய்ப்பிக்க, பார்ப்பவர் நிரப்பிக்கொள்ளும் காலியிடம் உதவாது. நாள், நேரம், இடம், பெயர், காயச் சான்று, மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் ஆகிய அனைத்தும் இடைவெளியின்றி நிரம்பியிருக்க வேண்டும். தெருவில் நம் வலிமையாக இருந்த தெளிவின்மை, வழக்கில் எதிர்த்தரப்பின் கருவியாகிவிடும்.

நிலமும் அவ்வாறே. குஜராத்தில் உச்சவரம்புச் சட்டத்தின்கீழ் தலித் குடும்பங்களுக்கு வழங்கப்பட்டதாக ஆவணத்தில் உள்ள நிலங்கள் பல, அவர்கள் கைக்கு வரவில்லை என்பதே போராட்டக் குழு தொடர்ந்து எழுப்பிய சிக்கல். அதைத் தீர்க்கப் புல எண்ணும் அளவைப் பதிவும் மனுவும் வேண்டும். 2018 பிப்ரவரியில் பாட்டன் நகரில் நில ஒப்படைப்புக் கோரி ஒரு தலித் செயல்பாட்டாளர் ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்து உயிர்நீத்தார். தாளில் நிறைந்து தரையில் வெறுமையாக இருக்கும் அந்த நிலத்தின் கதை, வெப்ப ஊடகத்தை ஆள்வது யார் என்ற கேள்வியையே மீண்டும் எழுப்புகிறது.

2018 ஏப்ரல் 2 நாடுதழுவிய முழு அடைப்பும் இந்த இருமுகத்தைக் காட்டியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்த மார்ச் 20 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு எதிராக, ஒற்றைத் தலைமை ஏதுமின்றி, பெரிதும் கைப்பேசிச் செய்திகள் வழியே அந்த அழைப்பு பரவியது. பலர் உயிரிழந்தனர், பல இடங்களில் அரசு இணையத்தைத் துண்டித்தது. அந்த எழுச்சியின் விளைவாக ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் போராடியதற்காக வழக்குகளைச் சுமந்த இளைஞர்களுக்குத் தேவைப்பட்டவை வழக்கறிஞரும் ஆவணமும் பிணையும். அழைப்பு பரவிய வேகத்தில் அவை கிடைப்பதில்லை.

கோட்பாட்டின் போதாமை

மெக்லுகன் மீதான பழைய விமர்சனங்கள் இங்கே பொருந்துகின்றன. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சி பற்றி எழுதிய நூலில், சமூக அதிகாரத்தைப் புறந்தள்ளித் தொழில்நுட்பத்தையே வரலாற்றின் காரணியாக்குகிறார் என்று அவரைக் கண்டித்தார். எழுத்தறிவற்ற சமூகங்களைப் பற்றி மெக்லுகன் பேசும் தொனியில் குடியேற்றக் காலப் பார்வை தங்கியிருப்பதையும் நாம் காண வேண்டும்.

சாதிச் சமூகத்திலிருந்து இன்னுமொரு திருத்தம் தேவைப்படுகிறது. குளிர் ஊடகம் பங்கேற்பைக் கோருகிறது என்பது உண்மை. பங்கேற்பவர் எதைக்கொண்டு காலியிடத்தை நிரப்புவார்? தம் சமூகம் தமக்குள் ஊட்டியதைக் கொண்டே நிரப்புவார். சாதிச் சமூகத்தில் காலியிடம் தானாகவே சாதியால் நிரம்பும். ஊனா காணொளியைக் கண்டு களித்தவர்களும் பங்கேற்றவர்களே. ஆகவே பங்கேற்பு என்பதாலேயே அது சனநாயகமாகிவிடாது. காலியிடத்தை நீதியின் பக்கம் நிரப்பியது, அதற்குமுன் பல ஆண்டுகள் குஜராத்தின் குடியிருப்புகளில் நடந்த அமைப்பு வேலையும் அம்பேத்கரியக் கல்வியுமே.

செயல்பாட்டாளர்களின் கவனத்துக்கு

இந்த ஆய்விலிருந்து நடைமுறைக்கு எடுத்துச்செல்லத் தக்கவை நான்கு.

ஒன்று, வன்கொடுமைக் காணொளி கைக்கு வந்தால் மூலக் கோப்பை மாற்றமின்றிப் பாதுகாக்க வேண்டும். அது பரப்புரைக்கு முன் சான்று.

இரண்டு, அதைப் பரப்பும் முன் பாதிக்கப்பட்டவரின் ஒப்புதலைக் கேட்க வேண்டும். ஒப்புதல் பெற இயலாதபோது முகத்தை மறைக்க வேண்டும். குற்றவாளி செய்த இழிவை நம் கைப்பேசி மறுமுறை செய்துவிடக் கூடாது.

மூன்று, காலியிடத்தைப் பொய் நிரப்பும் முன் உண்மை நிரப்ப வேண்டும். நாள், இடம், நடந்தது, கோரிக்கை ஆகியவற்றைக் கொண்ட சில வரிகளையேனும் படத்தோடு சேர்த்தே அனுப்புதல் நன்று.

நான்கு, ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய ஊடகத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். மக்களைத் திரட்டுவதற்கு உரையாடலும் உறுதிமொழியும் மறுப்பும். வழக்குக்கும் நிலத்துக்கும் ஆவணம். ஒன்றை மட்டும் நம்பிய இயக்கம் பாதி வழியில் நிற்கும்.

தாக்கப்பட்ட குடும்பத்தினர் 2018 ஏப்ரலில் மோட்டா சமாதியாலாவிலேயே நூற்றுக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினர். எந்த மண்ணில் தம்மைத் தாக்கிப் படம் எடுத்தார்களோ, அதே மண்ணில் தம் முடிவைத் தாமே அறிவித்தனர். அந்த நிகழ்வின் படங்கள் முதற்காணொளி அளவுக்கு நம் கைப்பேசிகளுக்கு வந்து சேரவில்லை. அடிபட்ட உடலைப் பரப்பிய ஊக்கத்தோடு, நிமிர்ந்த உடலையும் பரப்ப நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.